பளபளக்கும் டைல்ஸும் பச்சை வயரும்
வீட்டு வேலைக்குக் கடன் வாங்கும் முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும்?



முன்பெல்லாம் நம் குழுக்களில் கடன் கேட்டால் கறவை மாடு, ஆடு, பெட்டிக்கடை, பிள்ளைகள் படிப்பு என்றுதான் காரணம் எழுதுவோம். இப்போது தீர்மான நோட்டைப் புரட்டினால் "வீடு பராமரிப்பு" என்ற வார்த்தை அடிக்கடி வருகிறது. தரைக்கு டைல்ஸ், பாத்ரூமுக்குக் கீசர், பழைய வயரிங்கை மாற்றுவது. இது நல்ல விஷயம்தான். நம் வீட்டை நம் உழைப்பில் நாமே சரி செய்துகொள்கிறோம் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் இந்த வேலைகளில் பணம் வீணாவதும் உண்டு, உயிருக்கே ஆபத்து வருவதும் உண்டு. எங்கள் குழு அக்கா ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அக்கா வீடு பழைய தொகுப்பு வீடு. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், வீடு கொஞ்சம் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று குழுவில் 60,000 ரூபாய் கடன் வாங்கினார். கூடத்துக்கும் பாத்ரூமுக்கும் டைல்ஸ் போட்டார். மிச்சப் பணத்தில் ஒரு கீசரும் வாங்கி மாட்டினார். வீடு பளபளவென்று ஆனது. நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் சின்ன மகள் குளிக்கப் போய்க் குழாயைத் தொட்டிருக்கிறாள். சுர்ரென்று பிடித்துத் தள்ளிவிட்டது. கீழே விழுந்ததால் பிழைத்தாள். கை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வயர்மேனைக் கூட்டி வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மூன்று ஓட்டை உள்ள அந்தப் பிளக்கில் எர்த் வயரே இல்லை. சுவருக்குள் இரண்டு வயர்தான் ஓடியிருக்கிறது. இனி எர்த் வயர் இழுக்க வேண்டும் என்றால் புது டைல்ஸை உடைக்க வேண்டும். உடைத்தார்கள். கடைக்குப் போனால் அதே டிசைன் இருக்கிறது, அதே நிறம் இல்லை. இன்றைக்கும் அந்தச் சுவரில் எட்டு டைல்ஸ் மட்டும் தனியாகத் தெரியும்.

அக்கா சொன்ன ஒரு வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. "நான் கேக்காமச் செய்யலம்மா. நாலு பேர்கிட்ட கேட்டுத்தான் செஞ்சேன். ஆனா யாருகிட்ட எதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியல."

இதற்காகவே எங்கள் கூட்டமைப்புக் கூட்டத்தில் வயர்மேன் தம்பி ஒருவரையும், வயதில் மூத்த கொத்தனார் அண்ணன் ஒருவரையும் வரவழைத்துப் பேசச் சொன்னோம். அவர்கள் சொன்னதையும், நாங்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

யாரிடம் எதைக் கேட்பது?

டைல்ஸ் கடைக்காரரிடம் போய் "பாத்ரூமுக்கு எது நல்லா இருக்கும்?" என்று கேட்டால், அவர் கடையில் எது இருக்கிறதோ அதைத்தான் காட்டுவார். அது அவர் பிழைப்பு. கீசர் கடைக்காரர் கீசரைப் பற்றிச் சொல்வார், உங்கள் வீட்டு வயரிங் அதைத் தாங்குமா என்று அவருக்குத் தெரியாது. கொத்தனாருக்கு வாட்டம் தெரியும், கரண்ட் தெரியாது. வயர்மேனுக்குக் கரண்ட் தெரியும், வாட்டம் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவர் வீட்டில் என்ன ஆனது என்று தெரியும்.

ஆகவே ஒருவரிடமே எல்லாவற்றையும் கேட்கக் கூடாது. அவரவர் வேலையைப் பற்றி அவரவரிடம் கேளுங்கள். வேலையைப் பிடிக்கப் போகிறவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், உங்களிடம் காசு எதிர்பார்க்காத ஒருவரிடமும் கேளுங்கள். உங்கள் ஊரிலேயே இரண்டு, மூன்று வருடத்துக்கு முன்பு இதே வேலையைச் செய்த வீடு இருக்கும். அங்கே போய் "இப்ப எப்படி இருக்கு? திரும்பச் செஞ்சா எதை மாத்துவீங்க?" என்று கேளுங்கள். நேற்று முடிந்த வேலை எல்லாம் அழகாகத்தான் இருக்கும். மூன்று மழைக்காலம் பார்த்த வேலைதான் உண்மையைச் சொல்லும்.

வயரிங் வேலைக்கு வருகிறவரிடம் "தம்பி, உங்ககிட்ட வயர்மேன் சான்று இருக்கா?" என்று கேட்பதில் தவறே இல்லை. தமிழ்நாட்டில் மின் வேலை செய்வோருக்கு அரசின் மின் உரிம வாரியம் தகுதிச் சான்று கொடுக்கிறது. உண்மையான வேலைக்காரர் கோபப்பட மாட்டார், எடுத்துக் காட்டுவார்.

எந்த வேலை முதலில்?

கொத்தனார் அண்ணன் முதலில் சொன்னது இதுதான்: "கண்ணுக்குத் தெரியாத வேலையை முதல்ல முடிங்க. கண்ணுக்குத் தெரியுற வேலை கடைசியில."

வரிசை இப்படி இருக்க வேண்டும்:
1. எங்கே பிளக், எங்கே குழாய், எங்கே கீசர் என்று சுவரில் சாக்பீஸால் குறிக்க வேண்டும்.
2. சுவரை வெட்டி வயர் பைப், தண்ணீர் பைப் பதிக்க வேண்டும்.
3. தண்ணீர் பைப்பில் தண்ணீர் விட்டு, எங்கேயும் ஒழுகவில்லை என்று பார்க்க வேண்டும்.
4. பிறகு பூச்சு. பாத்ரூம் என்றால் தண்ணீர் இறங்காமல் இருக்கக் கெமிக்கல் பூச்சு.
5. சுவர் டைல்ஸ், அதன் பிறகு தரை டைல்ஸ்.
6. கடைசியில் பெயிண்ட், பிளக், சுவிட்ச், கீசர்.

அக்கா வீட்டில் நடந்தது என்ன? முதலில் டைல்ஸ், பிறகு கீசர். கடனும் வரிசை மாறிப் போனது. டைல்ஸுக்கே முக்கால்வாசிப் பணம் போய்விட்டதால் வயரிங்கைத் தொடவே இல்லை. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், முதலில் கரண்ட் வேலையைச் சரி செய்யுங்கள். சிமெண்ட் தரையில் இன்னும் இரண்டு வருடம் நடக்கலாம். எர்த் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூடத் தைரியமாக இருக்க முடியாது.

கரண்ட்: எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும்

"பியூஸ் இருக்கே, ஷாக் அடிச்சா போயிடும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. பியூஸும் எம்.சி.பி. என்ற சின்ன சுவிட்சும் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. லைட் லைனில் உள்ள பியூஸ் 5 ஆம்பியர் அளவைத் தாண்டினால்தான் போகும். ஒரு ஆளின் உயிரை எடுக்க 0.1 ஆம்பியர் போதும், அதற்குக் குறைவாகவும் போதும். ஆளைக் கரண்ட் பிடித்திருக்கும்போது பியூஸ் சும்மாதான் இருக்கும்.

ஆளைக் காப்பாற்றுகிறவை இரண்டு. ஒன்று எர்த், இன்னொன்று ஆர்.சி.சி.பி. என்ற பெட்டி.

எர்த் என்பது பச்சை நிற வயர். கீசர், பிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றின் இரும்பு உடம்பில் கரண்ட் கசிந்தால், அதை நம் உடம்பு வழியாக விடாமல் நேராகப் பூமிக்குக் கொண்டு போகும். வீட்டுக்கு வெளியே குழி தோண்டி, கம்பியோ பைப்போ இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். அங்கிருந்து ஒரு வயர் ஒவ்வொரு மூன்று ஓட்டைப் பிளக்கின் மேல் ஓட்டைக்கும் வந்து சேர வேண்டும். மேல் ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கோடைக்காலத்தில் எர்த் குழி காய்ந்துவிடும், அப்போது அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். பைப் லைனிலோ ஜன்னல் கம்பியிலோ எர்த்தைக் கட்டிவிட்டுப் போகிறவரை விடாதீர்கள். இப்போது பைப் எல்லாம் பிளாஸ்டிக், அது எர்த் ஆகாது.

எர்த் வேலை செய்கிறதா என்று வயர்மேன் டெஸ்ட் லாம்ப் வைத்துக் காட்டுவார். பேஸ் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பை வைத்தால் நன்றாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் இப்படி வைத்தவுடனே பெட்டி விழுந்துவிடும். அதுவும் நல்லதுதான். இந்தச் சோதனையை நீங்களோ பிள்ளைகளோ செய்யக் கூடாது, பக்கத்தில் நின்று பார்த்தால் போதும்.

ஆர்.சி.சி.பி. என்பது மெயின் போர்டில் மாட்டும் பெட்டி. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு ஆளின் உடம்பு வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். வாங்கும்போது "30 மில்லி ஆம்பியர்" என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் விற்கிறார்கள், ஆளைக் காப்பாற்ற 30தான் வேண்டும். அதில் "டி" என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை, குழுக்கூட்ட நாளன்று காலையில், அதை அழுத்திப் பாருங்கள். உடனே கரண்ட் போனால் பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது. போகவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

ஆர்.சி.சி.பி. போட்டுவிட்டால் எர்த் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டும் வேண்டும்.

வயர் வாங்கும்போது தடிமன் முக்கியம். லைட்டுக்கும் பேனுக்கும் 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்.எம். போதும். கீசர், மோட்டார் போன்றவற்றுக்கு 2.5-க்குக் குறையக் கூடாது. பெரிய கீசர் என்றால் 4. அந்த லைன் மெயின் போர்டிலிருந்து தனியாக வர வேண்டும், லைட் பாயிண்டிலிருந்து இழுக்கக் கூடாது. மெல்லிய வயரில் பெரிய சாமான் ஓடினால் வயர் சூடாகி உருகும், தீப்பிடிக்கும்.

எந்தச் சாமானிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையோடு சி.எம்./எல். என்று தொடங்கும் ஒரு எண் இருக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து, பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த எண், இன்னும் செல்லுமா என்று அதில் தெரியும்.

இன்னொன்று. துணி காயப் போடும் கொடிக்கு இரும்புக் கம்பி வேண்டாம், நைலான் கயிறு கட்டுங்கள். கரண்ட் வருகிற சர்வீஸ் வயர் பைப்பிலோ, ஈ.பி. கம்பத்திலோ கொடியைக் கட்டவே கட்டாதீர்கள். ஈரத்துணியோடு கம்பியைத் தொட்டு உயிரை விட்ட பெண்கள் நம் மாநிலத்தில் நிறையப் பேர்.

வெந்நீர்: எது நமக்குத் தோது?

கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "விறகுக்குப் பதிலா ராடு போட்டா செலவு கம்மியா, கீசர் போட்டா கம்மியா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

தண்ணீரைச் சூடாக்க ஆகிற கரண்ட் ராடு என்றாலும் கீசர் என்றாலும் ஏறக்குறைய ஒன்றுதான். 15 லிட்டர் பக்கெட்டைக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர, மூன்று பக்கெட்டுக்குச் சுமார் ஒரு யூனிட் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மூன்று பேர் தினமும் ஒரு பக்கெட் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும் என்பதால் உங்கள் பழைய பில்லோடு இந்த 60-ஐச் சேர்த்துப் பாருங்கள். கீசரைச் சுவிட்ச் போட்டே வைத்திருந்தால் இன்னும் கூடும்.

ராடு விலை குறைவு, ஆபத்து அதிகம். பிளாஸ்டிக் பக்கெட்டில் மட்டும் போடுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். "சூடு வந்துடுச்சா" என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கத்தால்தான் பல குடும்பங்கள் அழிந்தன. சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் ராடு வேண்டாம்.

கீசர் வாங்கினால் மேலே சொன்ன தனி லைன், எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றும் தயாரான பிறகு வாங்குங்கள். உங்கள் இணைப்புக்கு எவ்வளவு மின்பளு அனுமதி என்று ஈ.பி. ஆபீசில் கேளுங்கள். குடிசை இணைப்பு உள்ளவர்கள் கீசர் போடக் கூடாது, முதலில் சாதாரண வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும். கீசரோடு வரும் சின்ன வால்வை அடைத்துவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடினால் வெளியேற்றுவது அதுதான்.

கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. மூடின அறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. குளிக்கும்போதே மயங்கி இறந்துவிடுவார்கள்.

மாடி ஒட்டின வீட்டுக்குச் சோலார் நல்லது. தினம் 100 லிட்டர் தருவது மூன்று, நான்கு பேருக்குப் போதும். தென் பக்கம் பார்த்து, நிழல் விழாமல் வைக்க வேண்டும். ஆனால் உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். கடைக்காரரிடம் "எங்க போர் தண்ணி உப்பு, இது தாங்குமா?" என்று முதலிலேயே கேளுங்கள்.

டைல்ஸ்: வாட்டமும் வழுக்கலும்

பாத்ரூம் தரைக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பு வேண்டும். கடையில் ஒரு டைல்ஸின் மேல் தண்ணீர் தெளித்து, காலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் அது சுவருக்குத்தான். மாமியார் மாமனார் உள்ள வீட்டில் இடுப்பு எலும்பு உடைந்தால் ஆகிற செலவு டைல்ஸ் செலவைவிடப் பெரிது.

கணக்கு எப்படிப் போடுவது? 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் ஒன்று 4 சதுர அடி. ஆக 30 டைல்ஸ். வெட்டும்போது உடைவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 33. பெட்டிக்கு 4 என்றால் 9 பெட்டி. எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் நம்பர், ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மிச்சமாகிற இரண்டு, மூன்று டைல்ஸைத் திருப்பித் தராமல் பத்திரமாக வையுங்கள். எங்கள் அக்கா அப்படி வைத்திருந்தால் சுவரில் ஒட்டுப்போட்டது தெரிந்திருக்காது.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீரைப் பாத்ரூம் மூலையில் ஊற்றுங்கள். எல்லாம் ஓட்டைக்குப் போக வேண்டும், எங்கேயும் தேங்கக் கூடாது. தேங்கினால் வாட்டம் சரியில்லை. அடுத்து, ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். "டொக் டொக்" என்று உள்ளே காலியாகச் சத்தம் கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. கனமான பாத்திரம் விழுந்தால் அது உடையும். அதை அப்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

பணமும் எழுத்தும்

எந்த வேலைக்கும் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். வாயால் சொன்னதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை பாயிண்ட், எந்தக் கம்பெனி வயர், எவ்வளவு தடிமன், சதுர அடிக்குக் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் முடியும், டீ, சாப்பாடு சேர்த்தா, தனியா. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். சாமானை நீங்களே வாங்கினால் பில்லும் வாரண்டி அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கடனைப் பற்றியும் ஒரு கணக்கு. 50,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டியில், 20 மாதத் தவணையில் வாங்கினால், முதல் மாதம் அசல் 2,500, வட்டி 500, மொத்தம் 3,000 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 20 மாதத்தில் கட்டும் வட்டி மொத்தம் 5,250. மாடு வாங்கினால் பால் காசு வரும், டைல்ஸ் காசு தராது. ஆகவே தவணை எந்த வருமானத்திலிருந்து வரும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பத்தில் ஒரு பங்குப் பணத்தை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வையுங்கள். சுவரை உடைத்த பிறகுதான் பல விஷயம் தெரியும்.

யாருக்காவது ஷாக் அடித்தால்

ஓடிப்போய்க் கையால் பிடிக்காதீர்கள், உங்களையும் பிடிக்கும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஆளைத் தள்ளிவிடுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பத்தில் கோளாறு என்றாலோ, கிட்டே போகாமல் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய இந்தச் சேவையில் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

குழுவில் பேசி முடிவெடுக்க

எங்கள் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். வீட்டு வேலைக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் ஊக்குநர் மூன்று கேள்வி கேட்பார். "உங்க வீட்டுல எர்த் இருக்கா? ஆர்.சி.சி.பி. இருக்கா? வேலைக்கு எழுதி வாங்கினீங்களா?" இல்லை என்றால் கடன் மறுப்பதில்லை. கடனில் முதல் செலவு அதற்குத்தான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டவர் வேறு யாருமில்லை, எங்கள் அக்காவேதான். சமையலறையை மாற்ற அடுத்த கடன் கேட்டிருக்கிறார். "இந்தத் தடவை டைல்ஸ் கடைக்குக் கடைசியாத்தான் போவேன்" என்று சிரித்தார். சின்ன மகளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவிலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை வீட்டில் "தெரியாது" என்று பதில் வருகிறதோ, அத்தனை வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரு வயர்மேனைச் சேர்ந்து வரவழைத்தால் கூலியும் குறையும், எல்லாருக்கும் நிம்மதி.

அன்புடன்,
உங்கள் சகோதரி